கிட்டார் பிராசஸருக்கு பவர்டு ஸ்பீக்கர் வாங்குவது எப்படி: வளவுக்கும் பந்தலுக்கும் பொருந்தும் முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மெல்லிசைக் குழுவிலும் தேவாலயத்திலும் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் பலர் இப்போது ஆம்ப் வாங்குவதில்லை, ஆம்ப், எஃபெக்ட் ஒலிகளை உள்ளேயே உருவாக்கும் பிராசஸர் என்ற கருவியை வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு ஒரு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு முதல் நிகழ்ச்சியிலேயே முகம் வாடிவிடுகிறது. குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் இருப்பதில்லை. முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்ததுதான் காரணம்.

இங்கே பேசப்போவது எஃப்ஆர்எஃப்ஆர் (ஃபுல் ரேஞ்ச், ஃப்ளாட் ரெஸ்பான்ஸ்) என்று கிட்டார்காரர்கள் சொல்லும் வகை. அடிச்சுருதி முதல் உச்சம் வரை தன் நிறம் எதையும் சேர்க்காமல், வந்ததை வந்தபடி ஒலிக்க வேண்டிய ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முன்னால் உள்ள படி முடியாமல் அடுத்ததற்குப் போனால் பணம் வீணாகும்.

## கையில் தயாராக இருக்க வேண்டியவை

உங்கள் கிட்டார், உங்கள் பிராசஸர், அதன் அடாப்டர். கடையில் இருக்கும் கிட்டாரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று முள்) கேபிள், ஒரு கால் அங்குல பேலன்ஸ்டு கேபிள். பிராசஸரில் சேமித்து வைத்த மூன்று பேட்ச், அதாவது ஒலி அமைப்பு: ஒன்று க்ளீன் (கரகரப்பில்லாதது), ஒன்று லேசான கிரன்ச் (கொஞ்சம் கரகரப்பு), ஒன்று லீட் (தனி வாசிப்புக்கு). நன்றாகப் பழகிய ஒரு ஹெட்போன். போனில் டெசிபல் காட்டும் ஒரு செயலி. அந்தச் செயலி சொல்லும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் இரண்டு ஸ்பீக்கரை ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர அது போதும்.

## 1. இந்த ஸ்பீக்கரை யார் கேட்கப்போகிறார்கள்?

இதற்கு மூன்று பதில்கள்தான் இருக்கின்றன. வீட்டில் நீங்கள் மட்டும் கேட்பது. மேடையில் நீங்களும் பக்கத்தில் நிற்பவரும் கேட்பது. கூட்டம் முழுக்க இதிலிருந்தே கேட்பது.

கோவில் திருவிழா மேடை என்றால் சவுண்ட் சர்வீஸ்காரர் பெரிய பாக்ஸ் அடுக்கியிருப்பார். உங்கள் பிராசஸரிலிருந்து ஒரு வயர் அவருடைய மிக்ஸருக்குப் போகும். கூட்டத்துக்குக் கேட்பது அவர் பாக்ஸிலிருந்து. உங்கள் ஸ்பீக்கர் உங்களுக்கு மட்டும். அதற்கு 8 அல்லது 10 அங்குலம் தாராளம்.

ஆனால் ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) அறுபதாம் கல்யாணத்துக்கு மூன்று பேராக உட்கார்ந்து வாசிக்கும்போது பெரும்பாலும் தனி சவுண்ட் செட் கிடையாது. உங்கள் ஸ்பீக்கரேதான் எல்லாருக்கும். இங்கே தேவை வேறு, அளவும் வேறு.

இந்த ஆண்டில் நீங்கள் வாசித்த கடைசி பத்து இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் எது அதிகமோ அதற்கு வாங்குங்கள். என்றைக்கோ வரப்போகும் பெரிய மேடைக்காக வாங்காதீர்கள். அந்த மேடையில் பாக்ஸ் இருக்கும்.

வீட்டில் மட்டும் என்றால் இந்த வழிகாட்டியே தேவையில்லை. 5 அங்குல ஸ்டூடியோ மானிட்டர் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

## 2. பிராசஸருக்குள் கேபினெட் ஓடுகிறதா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, புது ஸ்பீக்கர்ண்ணே. டிஸ்டார்ஷன் போட்டா கொசு கத்துற மாதிரி இருக்கு. திருப்பிக் குடுத்திரலாமா?" பேட்சைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கேபினெட் பிளாக், அதாவது ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலிக்கச் செய்யும் பகுதி, அணைந்து கிடந்தது. அதைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

காரணம் இது. உண்மையான கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பான மேல்பகுதியை அதுதான் வடிகட்டுகிறது. முழு வீச்சு ஸ்பீக்கர் 20,000 ஹெர்ட்ஸ் வரை போகும், எதையும் வடிகட்டாது. அந்த வேலையை பிராசஸருக்குள் இருக்கும் கேபினெட் சிமுலேஷனோ ஐஆரோ (உண்மையான ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியை அளந்து எடுத்த கோப்பு) செய்ய வேண்டும்.

எதிர்மறைத் தவறும் உண்டு. கேபினெட் சிமுலேஷனை வைத்துக்கொண்டே கிட்டார் ஆம்பின் பின்பக்கம் செருகினால் இரண்டு முறை வடிகட்டப்படும். போர்வை போட்டு மூடியது போல மங்கிக் கேட்கும்.

சில ஸ்பீக்கர்களில் கிட்டார் ஸ்பீக்கரின் குணமே உள்ளே இருக்கும். லைன் 6 நிறுவனத்தின் பவர்கேப் அப்படிப்பட்டது. அதில் ஃப்ளாட் முறையும் உண்டு, கிட்டார் ஸ்பீக்கர் முறையும் உண்டு. ஃப்ளாட்டில் பிராசஸரின் கேபினெட் இயங்க வேண்டும். மற்றதில் அதை அணைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு ஸ்பீக்கர் சரியில்லை என்று சொல்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஹெட்போனில் உங்கள் மூன்று பேட்சும் நன்றாகக் கேட்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஹெட்போனிலேயே கரகரத்தால் எந்த ஸ்பீக்கரும் அதைச் சரிசெய்யாது.

## 3. வாட்டை விடுங்கள், டெசிபலைப் பாருங்கள்

அட்டைப்பெட்டியில் பெரிதாக 2000 வாட் என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் நொடிப்பொழுது உச்சம். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதில் பாதியோ கால்வாசியோதான் இருக்கும். இரண்டு நிறுவனங்கள் வாட்டை இரண்டு விதமாக அளந்திருக்கும்போது எண்ணை எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போலத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும்; அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே 500 வாட்டுக்கும் 1000 வாட்டுக்கும் இடையே நீங்கள் நினைக்கும் வித்தியாசம் இல்லை.

பார்க்க வேண்டியது ஒரு மீட்டர் தூரத்தில் அதிகபட்ச ஒலி அழுத்தம், அதாவது டெசிபல் அளவு. யமஹா டிபிஆர்10 என்ற 10 அங்குல ஸ்பீக்கருக்கு 129 என்று போட்டிருப்பார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 123, 4 மீட்டரில் 117, 8 மீட்டரில் 111. இதுவும் உச்ச அளவுதான். வாசிக்கும்போது சராசரி இதற்கு வெகு கீழேதான் இருக்கும். அதனால் கொஞ்சம் மிச்சம் வைத்தே வாங்க வேண்டும்.

டிரம்ஸ் செட் பக்கத்தில் நிற்பவருக்கு 125 டெசிபலுக்குக் கீழே வாங்காதீர்கள் என்பது என் அனுபவக் கணக்கு. தபேலா, கீபோர்டு, பாட்டு என்று உட்கார்ந்து வாசிப்பவருக்கு அதைவிடக் குறைவு போதும். ஸ்பீக்கர் திணறும்போது அதனுள் இருக்கும் லிமிட்டர் ஒலியை அமுக்கும். அப்போது லீட் வாசித்தால் விரலின் அழுத்தம் வெளியே வராது. திணறாத ஸ்பீக்கரில் சின்ன சத்தத்திலும் விரல் தெரியும். மிச்சம் வைத்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

## 4. 10 அங்குலமா, 12 அங்குலமா, 15 அங்குலமா?

கிட்டாரின் கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அதைத் தர 10 அங்குலம் போதும். பேஸ் கிட்டாரின் கீழ் ஈ 41 ஹெர்ட்ஸ். அதே ஸ்பீக்கரில் பேஸும் வாசிக்கப் போகிறீர்கள் என்றால்தான் பெரிதாகப் போவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

15 அங்குலம் கிட்டாருக்கு வேண்டாம் என்பேன். பெரிய கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) நடுச்சுருதியின் மேற்பகுதியைக் குறுகலாக ஒரு கற்றை போல வீசும். மேல்சுருதிக்கான சின்ன ஹாரன் அதற்குமேல்தான் பொறுப்பெடுக்கும். இரண்டும் கைமாற்றும் இடம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். கிட்டாரின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு பள்ளம் விழுந்தால் எந்த ஈக்யூவும் (பேஸ், ட்ரெபிள் போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) முழுதாக நிரப்பாது.

12 அங்குலம் நின்று வாசிப்பவருக்கு நல்ல நடு வழி. ஆனால் தூக்கிப் பாருங்கள். முகப்பிலிருந்து வளவு, அங்கிருந்து இரண்டாம் கட்டு என்று நிலைப்படி நிலைப்படியாகத் தாண்டி நீங்களேதான் சுமக்க வேண்டும். மேலே சொன்ன 10 அங்குலம் 10.5 கிலோ. பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ போகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் முக்கியம்.

## 5. எந்த வகையைத் தேடுவது?

பொதுவான மேடை ஸ்பீக்கர்கள் ஒரு வகை. யமஹா டிபிஆர், டிஎக்ஸ்ஆர், கியூஎஸ்சி கே வரிசை, எலக்ட்ரோ வாய்ஸ் இசட்எல்எக்ஸ் போன்றவை. கிட்டாருக்கென்று செய்தவை இன்னொரு வகை. ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-112, ஃபெண்டர் டோன் மாஸ்டர் எஃப்ஆர்-12, பவர்கேப் எல்லாம் இதில் வரும். ஃபெண்டரில் பெட்டியிலேயே ஈக்யூ குமிழ்கள் இருக்கும், பார்க்கவும் ஆம்ப் போலவே இருக்கும்.

எனக்குக் கேட்டால் நம் பக்கத்து ஆட்களுக்கு முதல் வகை நல்லது. அதே பெட்டியில் மைக் செருகிப் பாடலாம், கீபோர்டு செருகலாம், மற்ற நாளில் வாடகைக்கும் விடலாம். கெட்டுப்போனால் மதுரையிலோ திருச்சியிலோ பழுது பார்க்கிறவர் கிடைக்கிறாரா என்பதை வாங்குமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிட்டார் மட்டுமே வாசிப்பேன், ஆம்ப் முன்னால் நிற்கும் உணர்வு வேண்டும் என்பவர் இரண்டாம் வகைக்குப் போகலாம்.

## 6. பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

லைன் அளவை, அதாவது மைக்கைவிட வலுவான சிக்னலை, ஏற்கும் எக்ஸ்எல்ஆர் அல்லது காம்போ ஜாக் (எக்ஸ்எல்ஆரும் கால் அங்குலமும் செருகக்கூடியது) கட்டாயம். மைக், லைன் என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். மைக்கில் வைத்து பிராசஸரைச் செருகினால் உள்ளீட்டிலேயே ஒலி உடைந்து கரகரக்கும்.

பிராசஸரிலும் இதே போல ஒரு அமைப்பு உண்டு. லைன் 6 ஹெலிக்ஸ் போன்ற பிராசஸர்களில் குளோபல் செட்டிங்ஸுக்குள் போனால் கால் அங்குல வெளியீட்டை இன்ஸ்ட்ருமென்ட், லைன் என்றும், எக்ஸ்எல்ஆரை மைக், லைன் என்றும் மாற்றலாம். பவர்டு ஸ்பீக்கருக்கு லைன். சவுண்ட் சர்வீஸ்காரர் மைக் உள்ளீட்டில் வாங்குகிறார் என்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மைக்.

உள்ளே வந்த சிக்னலை அப்படியே வெளியே அனுப்பும் த்ரூ வெளியீடு இருந்தால் நல்லது. பிராசஸரில் ஒரே வெளியீடு இருப்பவர் ஸ்பீக்கரிலிருந்தே மிக்ஸருக்கு அனுப்பலாம்.

அப்புறம் அந்த பூஸ்ட் பொத்தான்கள். யமஹாவில் டி-காண்டூர், மற்றவற்றில் பேஸ் பூஸ்ட், காண்டூர் என்று இருக்கும். பாட்டு போடுவதற்குக் கீழேயும் மேலேயும் தூக்கி, நடுவை விட்டுவிடும். கிட்டார் இருப்பது நடுவில். அணைத்துவிடுங்கள்.

## 7. கேட்டுப் பார்க்கும் முறை

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். இதற்காக ஒரு நாளை ஒதுக்கி மதுரைக்கோ சென்னைக்கோ போனால் அது வீண் செலவில்லை. போக முடியாவிட்டால் பக்கத்துக் குழுக்காரரிடமோ சவுண்ட் சர்வீஸ்காரரிடமோ அதே மாடல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு மாலை வாடகைக்கு எடுத்துக் கேட்பது, திருப்பி அனுப்பும் அலைச்சலைவிட மலிவு.

முதலில் எல்லா ஈக்யூவையும் நடுவில், பூஸ்ட்டை அணைத்து வையுங்கள். உடனே கிட்டார் வாசிக்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை, ஒரே குரல் தெளிவாக இருக்கும் பாட்டை ஓட விடுங்கள். குரல் மூக்கால் பாடுவது போலவோ குடத்துக்குள்ளிருந்து வருவது போலவோ இருந்தால் கிட்டாரும் அப்படித்தான் இருக்கும். மனிதக் குரலைக் காது நன்றாக அறியும். புது பேட்சை அறியாது.

இப்போது கிட்டார். க்ளீன், கிரன்ச், லீட் என்ற வரிசையில். க்ளீனில் முழு கார்டு அடித்துக் கம்பிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று கேளுங்கள். லீட்டில் மேல் கம்பியை வளைத்து நிறுத்துங்கள். காதைக் குத்தினால் பேட்சில் ஹை கட்டை (குறித்த அளவுக்கு மேலுள்ளதை வெட்டும் அமைப்பு) 7000 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கிப் பாருங்கள். பிறகும் குத்தினால் குற்றம் ஹாரனில்.

மேடை சத்தத்தில் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பணிவாகக் கேட்டு ஐந்து நிமிடமாவது வாங்குங்கள். மெதுவாகக் கேட்கும்போது எல்லா ஸ்பீக்கரும் இனிமைதான்.

இரண்டை ஒப்பிடும்போது போன் செயலியை ஒரே இடத்தில் வைத்து இரண்டையும் ஒரே டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாதவர்கள் எப்போதும் சத்தம் அதிகமானதையே நல்லது என்கிறார்கள். 2 டெசிபல் கூடியிருந்தாலே காது ஏமாந்துவிடும்.

அடுத்து நடங்கள். கிட்டாரை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கருக்கு நேராகத் தொடங்கி அரைவட்டமாக நடந்து பாருங்கள். எந்த இடத்தில் மேல்சுருதி மங்குகிறது என்று தெரியும். மேடையில் நீங்களும் பாடகரும் அந்தக் கோணத்துக்கு உள்ளே நிற்க வேண்டும். ஹாரனும் கோனும் ஒரே மையத்தில் இருக்கும் கோஆக்ஸியல் வகையில் பக்கத்தில் நின்றாலும் ஒலி அதிகம் மாறாது. மானிட்டராக அருகில் சாய்த்து வைப்பவருக்கு அது பெரிய உதவி.

கடைசியாக வாசிக்காமல் வால்யூமை மட்டும் ஏற்றிக் காத்திருங்கள். இரைச்சல் எவ்வளவு? உள்ளே விசிறி ஓடுகிறதா? தேவாலயத்தில் மெதுவாக வாசிப்பவருக்கு இது முக்கியம்.

## 8. மின்சாரத்தை வாங்குமுன்பே யோசியுங்கள்

நம் பக்கம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவு இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து வாங்கி வந்தால் 230 வோல்ட் பொருந்தும். பிளக் மட்டும் வேறு. அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கலாம். பின்பக்கம் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்காமல் செருகாதீர்கள். ஒரு நொடியில் போய்விடும்.

பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. உர்ரென்று ஹம் வந்தால் சிலர் பிளக்கின் எர்த் காலை எடுத்துவிடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். கிட்டார் கம்பியில் உங்கள் கையும், மைக்கில் உங்கள் உதடும் படுகிறது. உயிருக்கு ஆபத்து. அதற்குப் பதிலாக பிராசஸரையும் ஸ்பீக்கரையும் எர்த் உள்ள ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகுங்கள். மிக்ஸருக்குப் போகும் வயரில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் வயரின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை இடையில் வையுங்கள். பெரும்பாலான ஹம் இதிலேயே போய்விடும்.

திருவிழாவில் ஜெனரேட்டர் ஓடும்போது வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். ஜெனரேட்டர் கிளப்பிய பிறகு ஸ்பீக்கரைப் போடுங்கள். நிறுத்துமுன் ஸ்பீக்கரை அணையுங்கள். எப்போதும் கடைசியில் போடுவதும் முதலில் அணைப்பதும் ஸ்பீக்கராக இருக்கட்டும். மற்றவற்றைப் போடும்போது வரும் "டப்" சத்தம் ஹாரனைத் தாக்கும்.

## 9. வளவில் வைப்பது வேறு, பந்தலில் வைப்பது வேறு

ஆத்தங்குடிக் கல் தரை, பளபளவென்று வழித்த சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண், மரக்கூரை. எல்லாம் கடினமான பரப்பு. வளவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், ஒலி எவ்வளவு நேரம் சுற்றி வருகிறது என்று தெரியும். அங்கே பேட்சில் ரிவெர்பைப் பாதிக்கு மேல் குறையுங்கள். வீடே ரிவெர்ப் கொடுக்கும்.

ஸ்பீக்கரை மூலையில் தள்ளாதீர்கள். தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து கீழ்ச்சுருதியைப் பெருக்கி, எல்லாம் கும்மென்று ஆகிவிடும். பட்டாலையில் (வளவை ஒட்டிய உயர்ந்த திண்ணை) உட்கார்ந்து வாசிப்பதாக இருந்தால் பெட்டியைக் காது உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில் ஏற்றி, முற்றத்தைப் பார்த்துத் திருப்புங்கள். மேலே திறந்திருக்கும் முற்றத்தின் வழியாக ஒலி கொஞ்சம் வெளியேறும். பேட்சில் லோ கட்டை (குறித்த அளவுக்குக் கீழே உள்ளதை வெட்டும் அமைப்பு) 100 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

பந்தலில் நேர் எதிர். துணிக்கூரை, மண் தரை, திறந்த பக்கங்கள். திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. வளவில் தடிமனாகக் கேட்ட பேட்ச் இங்கே மெலிந்து போகும். ஸ்பீக்கரைத் தரையிலேயே சாய்த்து வைத்தால் கீழ்ச்சுருதி கொஞ்சம் கூடும். லோ கட்டை 80க்கு இறக்குங்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் பேட்சைப் புதிதாகச் செய்ய வேண்டாம். பெரும்பாலான பிராசஸர்களில் குளோபல் ஈக்யூ இருக்கிறது. இட வித்தியாசத்தை அங்கே திருத்துங்கள்.

## 10. பேட்சைக் கடைசியில், மேடை சத்தத்தில் திருத்துங்கள்

ஹெட்போனில் ராத்திரி முழுக்கச் செய்த பேட்ச் மேடையில் ஏன் கூர்மையாகவும் கும்மென்றும் கேட்கிறது? குறைந்த சத்தத்தில் காது கீழ்ச்சுருதியையும் மிக உயர்ந்த சுருதியையும் குறைவாகவே கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933ல் இதை அளந்து வளைகோடுகளாகவே வரைந்தார்கள். மெதுவான சத்தத்தில் நாம் அந்தக் குறையை ஈடுசெய்ய பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றுகிறோம். சத்தம் கூடியதும் காது சரியாகிவிடும், நாம் ஏற்றியது மிச்சமாக நிற்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும். ஸ்பீக்கரின் குமிழை அதன் நடுக்குறியில் வையுங்கள். பிராசஸரின் மாஸ்டரை மெதுவாக ஏற்றி மேடை சத்தத்துக்கு வாருங்கள். சிவப்பு விளக்கு எரியக் கூடாது. முதலில் கேபினெட்டையோ ஐஆரையோ மாற்றிப் பாருங்கள். அடுத்து லோ கட், ஹை கட். அதற்குப் பிறகே ஆம்பின் பேஸ், மிடில், ட்ரெபிள். பெரிய மாற்றத்தைத் தருவது கேபினெட். அதை விட்டுவிட்டு ஈக்யூவோடு மல்லுக்கட்டினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

மூன்று பேட்சின் சத்தத்தையும் இப்போதே சமப்படுத்துங்கள். லீட் மட்டும் 3 டெசிபல் கூட இருக்கலாம். குழுவோடு ஒரு ஒத்திகையில் இதைச் செய்ய முடிந்தால் மிக நல்லது. தனியாகக் கேட்கும்போது மெலிவாகத் தோன்றும் பேட்ச் கீபோர்டும் பேஸும் சேரும்போது சரியான இடத்தில் உட்காரும்.

சரியாக அமைந்ததும் ஸ்பீக்கர் குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். மேடையில் யாராவது கடந்து போகும்போது கை பட்டுத் திரும்பிவிடும். பாட்டு ஆரம்பித்த பிறகு இருட்டில் தேட வேண்டியிருக்காது.